குளோசிங் எரர்: 15 மில்லி

1996 ஜூன் மாதம் ராமேஸ்வரம் தீவில், ஒரு உடைமரத்தின் நிழலில் உட்கார்ந்து ஐம்பது எண்களைப் பொய்யாக எழுதினேன். பென்சிலில் எழுதினேன். ஃபீல்டு புக்கில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த விதி அது ஒன்றுதான்.

இத்தனை வருஷம் வாய் திறக்காதவன் இப்போது சொல்லக் காரணம் என் அக்கா மகள். சிவில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் தாமலுக்கு வந்தவள் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாள்: "மாமா, சர்வே கேம்ப்புக்கு ராமேஸ்வரம் போறோம். லெவலிங் சீக்கிரமா முடிக்க ஏதாவது வழி இருக்கா? உங்க பேட்ச்ல நீங்கதான் ஃபர்ஸ்ட் குரூப்பாமே, அம்மா சொன்னாங்க."

ஆமாம், ஃபர்ஸ்ட் குரூப்தான். அவளுக்கு அன்று மழுப்பலாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

மட்டம் என்றால் என்ன என்று தெரியாத ஊரில் பிறந்தவன் இல்லை நான். காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் ஏரிதான். ஐப்பசி கார்த்திகையில் மழை விட்டதும் பெரியவர்கள் கரைமேல் நடந்து போய் மதகுப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். "கலங்கல் வழிய இன்னும் நாலு விரக்கடை" என்பார்கள். அந்த நாலு விரல் தண்ணீர்தான் கடைமடைக்காரன் நட்ட பயிர் கதிர் பார்க்குமா, பாதியில் காயுமா என்பதைத் தீர்மானிக்கும். அப்பா கடைமடைக்காரர். ஒரு விரல் என்ன பெறும் என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். தெரிந்தும் செய்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் நாற்பது பேர் போனோம். டம்பி லெவல், தியோடலைட் பெட்டிகளைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். பேராசிரியர் தூங்கவும் இல்லை, எங்களைத் தூங்கவிடவும் இல்லை. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1001 வாக்கில், சோழ நாட்டையே கோல் போட்டு அளந்ததையும், அந்த வேலையைச் செய்தவனுக்கு உலகளந்தான் என்று பட்டம் கிடைத்ததையும் சொன்னார். 1794இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியில் சென்னைக் கோட்டைக்குப் பக்கத்தில் எட்டுப் பையன்களோடு சர்வே பள்ளிக்கூடம் ஆரம்பித்ததையும், அது வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனதையும் சொன்னார். 1808இல் சர்வேயர் லாம்டன் தன்னுடைய அரை டன் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நெளிந்ததாம். மனிதர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதன் வட்டத்தை நிமிர்த்தினாராம். நாங்கள் கயிறு அறுந்த இடத்துக்குச் சிரித்தோம். நிமிர்த்திய இடம் வந்தபோது பாதிப் பேர் தூங்கிவிட்டோம். நான் தூங்கவில்லை, ஜன்னல் வழியே பாம்பன் பாலம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சத்திரத்தில் தங்கினோம். எங்கள் அணிக்குக் கொடுத்த வேலை சுலபமானது. சத்திரத்து வாசல்படியில் ஒரு குறி. அதன் உயரத்தை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கேம்ப்புகளில் அப்படித்தான் ஒரு முழு எண்ணை வைத்துக்கொள்வார்கள். அங்கிருந்து தனுஷ்கோடி சாலையில் இரண்டரை கிலோமீட்டர் லெவல் ஓட்டிப் போய், ஒரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் உயரம் கண்டுபிடித்துச் சிவப்புப் பெயின்டில் எழுத வேண்டும். பிறகு போன வழியே லெவல் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும்.

திரும்பி வருவதுதான் முக்கியம். போகும்போது எங்கேயாவது தப்பாகப் படித்திருந்தால் யாருக்கும் தெரியாது. திரும்பி வந்து வாசல்படியில் முடிக்கும்போது மறுபடி 100.000 வர வேண்டும். அச்சாக யாருக்கும் வராது. வருகிற வித்தியாசத்துக்குத்தான் குளோசிங் எரர் என்று பெயர். கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 24ஆல் பெருக்கினால் வருகிற மில்லிமீட்டர் வரைக்கும் சாதாரண லெவலிங்கில் பொறுத்துக்கொள்வார்கள். போக வர ஐந்து கிலோமீட்டருக்கு 53 மில்லி. அதைத் தாண்டினால் மறுபடி நடக்க வேண்டும்.

மணலில் அது லேசான வேலை இல்லை. முக்காலியின் கால் புதையும், பபிள் ஓடும். அளவுக்கோடு போட்ட கம்பத்தை வைத்த இடம், கருவியை முன்னால் நகர்த்தி அதைத் திரும்பிப் பார்த்துப் படிப்பதற்குள் (அதுதான் பேக் சைட்; முன்னால் பார்த்துப் படிப்பது ஃபோர் சைட்) ஒரு நூல் இறங்கிவிடும். கச்சான் காற்று மணலை வாரிக் கண்ணில் அடிக்கும். பத்து மணிக்கு மேல் கானல் எழும்பி, டெலஸ்கோப்புக்குள் கம்பத்தின் கோடுகள் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும்.

கம்பம் பிடிக்க உள்ளூர் ஆள் ஒருவரைக் கூலிக்கு வைத்திருந்தோம். இருபது வயது இருக்கும். கச்சான் பருவத்தில் தென்கடலில் வள்ளம் இறக்க முடியாமல் சும்மா இருந்தவர். அவர் தாத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 இரவு புயலில், 653 பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோன அந்த ராத்திரியில், உயிர் பிழைத்து வந்தவர். "தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு தாத்தா நெஞ்சில கையை வச்சுக் காட்டுவாரு சார்" என்று தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். அப்புறம், "இந்த ரோடு கடலுக்கு எவ்வளவு உசரம் சார்?" என்று கேட்டார்.

"கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன்.

சிறுபாலத்துக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. உயரம் 98.735. அதைப் பெயின்டில் எழுதினோம். திரும்ப வேண்டும். தண்ணீர் தீர்ந்துவிட்டது. கம்பக்காரர் மணலைக் கையால் தோண்டி, ஊற்று நீர் எடுத்துக் கொடுத்தார். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அந்தத் தண்ணீர் இனிப்பாக இருந்தது இன்னமும் ஞாபகம் இருக்கிறது. குடித்துவிட்டு உடைமரத்தடியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

யோசனை என்னுடையது. மற்றவர்கள் தலையாட்டியது மட்டும்தான். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பழைய நண்பர்கள் சேரும்போது "நம்ம செஞ்ச திருட்டுத்தனம்" என்று பொதுவில் பேசி, அதில் என் பங்கைக் கரைத்துவிடுகிறேன். ஃபீல்டு புக் என் கையில் இருந்தது. "நடக்க வேணாம், நானே எழுதிடறேன்" என்றேன்.

பொய் எழுதுவதில் எனக்கு இருந்த நுணுக்கத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. 98.735இல் இருந்து கிளம்பி 100க்கு வர வேண்டும். சரியாக 100.000 வந்தால் பேராசிரியர் முகர்ந்துவிடுவார். ஆகவே 15 மில்லி தப்பு வைத்தேன். கம்பத்தில் ஐந்து மில்லிக்கு ஒரு கோடு என்பதால் எந்த எண்ணும் 0 அல்லது 5இல்தான் முடியலாம். 13, 17 என்று வந்தால் மாட்டிக்கொள்வோம். மொத்தத்தில் 1.280 மீட்டர் ஏறினால் போதும். இருபத்தைந்து முறை கருவி வைத்ததாகக் கணக்கு; இருபத்தைந்து பேக் சைட், இருபத்தைந்து ஃபோர் சைட். முதல் பத்து எண் மனதிலிருந்து வந்தது. அப்புறம் வற்றிவிட்டது, திரும்பத் திரும்ப 1.4, 1.4 என்றே வந்தது. சைக்கிள் பூட்டு நம்பர், ஹாஸ்டல் ரூம் நம்பர், கடைசியில் தாமலில் அப்பாவின் நிலத்து சர்வே நம்பர் எல்லாவற்றையும் உடைத்துப் போட்டு எழுதினேன். கடைசி ஜோடியில் கூட்டல் கழித்தலை நேர் செய்தேன். இரண்டு இடத்தில் வேண்டுமென்றே அடித்துத் திருத்தினேன். உண்மையான புத்தகத்தில் அடித்தல் இருக்கும், பாருங்கள்.

கம்பக்காரர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "சார், கம்பத்தை நான் இன்னும் தூக்கவே இல்லையே. பொறவு எப்படி நம்பர் எழுதுறீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவன் சிரித்தான். போகிற வழியில் அவருக்கு டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தேன். வாயை அடைக்க என்று அப்போது நினைத்திருக்க மாட்டேன். இப்போது யோசித்தால் அதற்குத்தான் என்று தெரிகிறது. அவர் கேட்ட உயரத்தையும் சொல்லவில்லை. நாட்டுக்கே பொதுவான கடல் மட்டம் என்பதைச் சென்னை, நாகப்பட்டினம் உள்பட ஒன்பது துறைகளில் வருஷக்கணக்கில் அலை ஏற்ற இறக்கம் பார்த்து 1909இல் முடிவு கட்டினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தண்ணீர் ஓரத்தில் கம்பத்தை ஒருமுறை நிறுத்திப் பார்த்திருந்தால், "இன்னைக்குத் தண்ணி இருக்கிற மட்டத்துக்கு ரோடு இவ்வளவு உசரம்" என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை.

சாயங்காலம் பேராசிரியர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார். "மணல்ல, இந்தக் காத்துல, 15 மில்லி. இதுதான் வேலை." கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அன்றே ராமர் பாதம் பக்கம் போன அணிக்கு 70 மில்லி வந்திருந்தது. அந்த அணித் தலைவி திருநெல்வேலிப் பெண். நேர்மையாக ஐந்து கிலோமீட்டரும் நடந்துவிட்டு வந்து 70 என்று எழுதிக் கொடுத்தாள். மறுநாள் மறுபடி நடக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வழி காட்ட என்னையும் கூட அனுப்பினார்கள். தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் கருவியை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்று, "அவசரப்படாதீங்க. கம்பத்தை நேராப் பிடிக்கச் சொல்லுங்க" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அதைத் தன் புத்தகத்தின் ஓரத்தில் குறித்தும் வைத்துக்கொண்டாள்.

இத்தோடு போயிருந்தால் மாணவப் பருவத்துக் குறும்பு என்று நானே என்னை மன்னித்திருப்பேன். போகவில்லை.

அடுத்த வருஷம் ஜூனியர்களையும் அதே தீவுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் சிவப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. 15 மில்லிக்குள் முடிந்த குறியல்லவா, அதையே தெரிந்த உயரமாக எடுத்துக்கொண்டார்கள். ஓர் அணி சத்திரத்து வாசல்படியில் தொடங்கி எங்கள் சிறுபாலத்தில் முடித்தது. 105 மில்லி தப்பு. அந்தத் தூரத்துக்கு அனுமதி 38 மில்லி. சுவரில் எழுதியிருப்பது சரி, ஆகவே தப்பு இவர்களுடையது. மறுநாள் அனுப்பினார்கள். 95 மில்லி. மூன்றாம் நாளும் அனுப்பினார்கள். அன்று சரியாக வந்துவிட்டது.

இதை எனக்குச் சொன்னவன் அந்த அணிப் பையன். ஹாஸ்டல் மெஸ்ஸில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணே, உங்க கல்லு சரியா உக்காரவே இல்ல. ரெண்டு நாள் வெயில்ல செத்தோம். மூணாம் நாள் மரத்தடியில உக்காந்து நாங்களே உக்கார வெச்சுட்டோம்."

அவன் சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இந்த வாக்குமூலமே அந்தச் சிரிப்புக்காகத்தான். ஐம்பது எண்களுக்காக இல்லை. இரண்டு நாள் உண்மையாக அளந்தவர்களை மூன்றாம் நாள் பொய் எழுத வைத்தது என் 15 மில்லி. அது 60 மில்லியாக இருந்திருந்தால் பேராசிரியர் எங்களையே திரும்ப அனுப்பியிருப்பார். தப்பு அன்றே பிடிபட்டிருக்கும். அவ்வளவு அழகாக இருந்ததால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று ராத்திரி என் ஃபீல்டு புக்கை எடுத்துப் பார்த்தேன். போகும்போது எழுதிய பக்கங்கள் உண்மையானவை. நாலாம் பக்கத்தில் ஒரு பேக் சைட்: 1.465. அந்த 4க்கு அடியில் ஒரு 3 தெரிகிறது. முதலில் 1.365 என்று எழுதியிருக்கிறேன். கருவியில் இருந்தவன் காற்றில் கத்தியது சரியாகக் காதில் விழாமல், எண்மேல் எண் எழுதித் திருத்தியிருக்கிறேன். ஃபீல்டு புக்கில் ஓர் எண்ணின் மேலேயே இன்னொன்றை எழுதக் கூடாது. கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுத வேண்டும். முதல் வாரப் பாடம் அது. அங்கேதான் 100 மில்லி கூடியிருக்கிறது. உண்மையாகத் திரும்பி நடந்திருந்தால் சாயங்காலமே தெரிந்திருக்கும். பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாம். புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு திருந்திவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. 2003இல் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாசன வாய்க்காலுக்குச் சிமென்ட் போடும் வேலைக்கு லெவல் கொடுத்தேன். ஒரு பக்கம்தான் ஓட்டினேன். திரும்பி ஓட்டியதாக எழுதினேன். கை தானாக எழுதியது. தண்ணீர் விட்டபோது முந்நூறு மீட்டரில் நின்றுவிட்டது. வயதான கொத்தனார் ஒருவர் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, கால் மணி நேரத்தில் இரண்டங்குலம் மேடு என்று கண்டுபிடித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது மீட்டர் கான்கிரீட்டை உடைத்தார்கள். கருவியில் கோளாறு என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்ப வைக்க வேண்டுமே என்று, நன்றாக இருந்த கருவியைச் சென்னைக்கு எடுத்துப்போய்க் காசு கொடுத்து சர்வீஸ் செய்துகொண்டு வந்தேன். அதன் பிறகு திரும்பி ஓட்டாமல் எந்த வேலையையும் முடித்ததில்லை. நல்ல புத்தி வந்ததால் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கொத்தனாரின் பார்வைக்குப் பயந்துதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு உத்திரமேரூர் போயிருந்தோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919லும் 921லும் வெட்டியவை. குடவோலை பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகளை அங்கே ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். முன்னால் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவன் மட்டுமல்ல, உறவுக்காரர்களும் கூடாது என்று நீண்ட பட்டியல். மாமன், மைத்துனன், மாமனார், உடன்பிறந்தாள் மகன் வரைக்கும் வருகிறது. உடன்பிறந்தாள் மகள் பட்டியலில் இல்லை. பெண்களுக்குத்தான் குடவோலையே கிடையாதே, தனியாக எதற்குத் தடுக்க வேண்டும்! கணக்கே காட்டாதவனுக்கு இந்தக் கதி. பொய்க் கணக்கைக் காட்டிக் கைதட்டல் வாங்கியவனை அந்தச் சபை என்ன செய்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே கல்யாண வீட்டுக்குத் திரும்பினேன்.

2018இல் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனபோது, அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்திருந்தது. சிறுபாலத்தைத் தேடினேன். இதுதானோ என்று நினைத்த இடத்தில் புதுக் கான்கிரீட்டும் வெள்ளைச் சுண்ணாம்பும் இருந்தன. கம்பக்காரரை எங்கே என்று தேடுவது? பெயரைக் கூட நான் எழுதி வைக்கவில்லை. கூலிச் சீட்டில் "ஒரு ஆள்" என்றுதான் இருக்கிறது.

அக்கா மகளுக்கு நேற்று போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாமா, இப்போ டோட்டல் ஸ்டேஷன்தான். நம்பரை மெஷினே எழுதிக்கும்" என்றாள். மெஷின் எழுதியதை எக்செல்லில் ஏற்றிய பிறகு திருத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "ரெண்டு நிமிஷம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. ஃபீல்டு புக்கை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். நாலாம் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

1997இல் அந்தச் சிறுபாலத்தில் லெவல் முடித்த ஜூனியர்கள் யாராவது இதைப் படித்தால்: முதல் இரண்டு நாள் நீங்கள் அளந்தது சரி. அந்தச் சுவரின் உயரம் 98.735 அல்ல, 98.635, அல்லது அதற்கு மிக அருகில். தப்பு என்னுடையது.